லூடோ காய்க்குப் பெயிண்ட்: எது ஒட்டும், எது உரியும்

அவசரக்காரர்களுக்குத் தீர்ப்பு முதலிலேயே: கார் பெயிண்ட் கடையில் பம்பர் பிரைமர் (பெயிண்ட் பிடிக்க முதலில் அடிக்கும் அடிப்பூச்சு), ஸ்டேஷனரி கடையில் 15 மில்லி க்ராஃப்ட் அக்ரிலிக், மேலே சாட்டின் வார்னிஷ் (அரைப் பளபளப்புள்ள மேல்பூச்சு). தென்காசி, செங்கோட்டை, அந்தப் பக்கம் புனலூர் வரை கடைகளில் கிடைக்கும் சரக்கில் இந்த மூன்றும் சேர்ந்த கூட்டணிக்குத்தான் எங்கள் ஓட்டு. நெயில் பாலிஷ், போஸ்டர் கலர், சாதா பெர்மனென்ட் மார்க்கர் மூன்றும் காசுக்குக் கேடு. ஏன் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் மேலே படிக்கலாம்.

காய்க்கு எதற்குப் பெயிண்ட் என்று கேட்பவர்களும் உண்டு. லூடோவில் நாலு நிறம், நிறத்துக்கு நாலு காய், மொத்தம் 16. ஆறு பேர் ஆடும் பலகை வாங்கி, காய் தொலைந்துபோய், இரண்டு பழைய செட்டைக் கலந்தால் சிவப்பே எட்டாகிவிடும். படிப்பகத்தில் பத்து செஸ் போர்டு ஒரே கம்பெனி சரக்காக இருந்தால், சாயங்காலம் எந்தக் குதிரை எந்தப் பெட்டிக்கு என்பது தினசரி வழக்கு. காட்டான் (Catan) என்ற பலகை விளையாட்டில் ஒரு ஆளுக்கு 5 வீடு, 4 நகரம், 15 ரோடு. நாலு பேருக்கு 96 துண்டு. ரோடு ஒவ்வொன்றும் தீக்குச்சியை விடச் சிறியது. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் ஆரஞ்சும் சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் சண்டைதான். சிவப்பு, பச்சை பிரித்துப் பார்க்கச் சிரமப்படும் ஒருவர் ஆட்டத்தில் இருந்தால் நிறத்தை மட்டும் நம்பவே கூடாது. அதைப் பின்னால் பார்ப்போம்.

பெயிண்டுக்கு முன்னால் பிளாஸ்டிக்

எந்த பிராண்ட் நல்லது என்று கேட்டுக்கொண்டு கடைக்குப் போகிறவர்கள், தங்கள் காய் எந்தப் பிளாஸ்டிக் என்று பார்ப்பதில்லை. பெயிண்ட் நிற்பதும் உரிவதும் பாதிக்கு மேல் அங்கேயே முடிவாகிவிடுகிறது.

ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு, காயைச் சாய்த்து முழுக்க அமுக்கிவிட்டு விடுங்கள். லூடோ காய் உள்ளே குழியாக இருக்கும். அதில் காற்று தங்கினால் எந்தப் பிளாஸ்டிக்கும் மிதக்கும், அதற்காகத்தான் சாய்ப்பது. மிதந்தால் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன். இரண்டுமே தண்ணீரை விட லேசு. மூழ்கினால் பாலிஸ்டைரீன், ஏபிஎஸ், அல்லது பிவிசி. அடியில் இரும்புத் துண்டு வைத்த கனமான செஸ் காயில் இந்தச் சோதனை செல்லாது. அதற்குக் காதும் நகமும் போதும். பாலிஸ்டைரீன் காயை மொசைக் தரையில் போட்டால் ‘டிங்’ என்று கண்ணாடிச் சத்தம் வரும். பாலிஎத்திலீன் ‘தொப்’பென்று விழும், நகத்தால் கீறினால் தடம் விழும், விரலில் வழுக்கும்.

மூழ்கும் காய் என்றால் பாதி வேலை முடிந்தது. அதில் ஏறக்குறைய எல்லாப் பெயிண்டும் ஒட்டும். மிதக்கும் காயில்தான் தலைவலி. பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் மேற்பரப்பில் பெயிண்ட் பரவிப் பிடிப்பதில்லை. காய்ந்ததும் பிடிப்பே இல்லாத தோலாக நிற்கும். ஷாம்பு பாட்டிலும் அதே வகைப் பிளாஸ்டிக்தானே, அதில் மட்டும் அச்சு எப்படி நிற்கிறது என்றால், ஃபேக்டரியில் அச்சடிக்கும் முன் தீச்சுவாலையையோ மின்பொறியையோ மேற்பரப்பில் ஓட்டி அதன் குணத்தை மாற்றுகிறார்கள். அதைப் பார்த்து லைட்டரை லூடோ காயில் காட்டாதீர்கள், கொண்டை உருகிவிடும்.

மலிவு லூடோ செட்டில் நிறைய மிதக்கும். செஸ், காட்டான், ரயில் விளையாட்டுத் துண்டுகள் பெரும்பாலும் மூழ்கும். வளைத்தால் வளைகிற ரப்பர் மாதிரியான பொம்மைக் காய் மென் பிவிசி. அதை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் மெல்ல வெளியே கசிந்து, மேலே அடித்த ஸ்ப்ரே எனாமலை இளக்கிவிடும். மாதக்கணக்கில் கையில் பிசுபிசு என்று ஒட்டும். அதற்குத் தண்ணீர் கலக்கும் அக்ரிலிக் தவிர வேறெதுவும் வேண்டாம்.

ஃபேன்ஸி ஸ்டோர்

நெயில் பாலிஷ் எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. பிரஷ் மூடியிலேயே இருக்கிறது, நூறு நிறம் கிடைக்கிறது, ஐந்து நிமிடத்தில் காய்கிறது. ஆனால் அதன் கரைப்பான் எத்தில் அசிடேட், பியூட்டில் அசிடேட் வகை. இரண்டும் பாலிஸ்டைரீனைத் தின்னும். காயின் விளிம்பு மழுங்கும், குதிரையின் கண், பிடரி எல்லாம் வழிந்து போகும். மிதக்கும் காயில் இதற்கு நேர் எதிர்: தின்னவும் செய்யாது, பிடிக்கவும் செய்யாது. ஒரு ஓரத்தை நகத்தால் நெம்பினால் பாம்புச் சட்டை மாதிரி முழுசாகக் கழன்று வரும். தப்பாகப் பட்ட பாலிஷைத் துடைக்க ரிமூவர் எடுத்தால் இன்னும் மோசம். அசிட்டோன் பாலிஸ்டைரீனையும் ஏபிஎஸ்ஸையும் கரைத்தே விடும். 5-க்கு 1, அதுவும் நிறத் தேர்வுக்காக.

அதே கடையில் கிடைக்கும் ஒரு உருப்படியான பொருள் குழந்தைகளுக்குத் தலையில் போடும் குட்டி ரப்பர் வளையம். கழுத்து ஒடுங்கிய மிதக்கும் காய்க்குப் பெயிண்டோடு மல்லுக்கட்டுவதை விட, கறுப்பு, வெள்ளை, நீலம் என்று ஒரு வளையம் மாட்டிவிட்டால் ஒரு நிமிட வேலை. ஓரிரு வருஷத்தில் ரப்பர் இற்றுப்போகும், மாற்றிக்கொள்ளலாம். பெயிண்ட் விமர்சனத்தில் ரப்பருக்கு நல்ல மார்க் கொடுப்பது கொஞ்சம் சங்கடம்தான். என்றாலும் 5-க்கு 3.

ஸ்டேஷனரி கடை

போஸ்டர் கலரில் பசை கோந்து வகை. காய்ந்த பிறகும் தண்ணீரில் கரையும், வியர்த்த கை பட்டாலே கையோடு வரும். தொடவே வேண்டாம்.

சாதா பெர்மனென்ட் மார்க்கர் என்பது சாயம் கலந்த ஸ்பிரிட். வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் முதல் நாள் பளிச்சென்று தெரியும். விரல் எண்ணெய் பட்டுப் பட்டு வாரக்கணக்கில் மங்கும். மேலே வார்னிஷ் அடித்தால் கறுப்பு மார்க் ஊதா நிறமாகக் கசியும். அதற்குப் பதில் பெயிண்ட் மார்க்கர் கேளுங்கள். இரண்டு வகை உண்டு. போஸ்கா மாதிரித் தண்ணீர் வகையில் நிறம் அழுத்தமாக மூடும், நாற்றம் இல்லை, பிரைமர் மேல் அழகாக நிற்கும். பிரைமர் இல்லாமல் சுரண்டினால் வரும். இன்னொன்று ஆயில் வகை: டயரிலும் இரும்பிலும் எழுதும் பேனா, குலுக்கினால் உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்கும். வெறும் பிளாஸ்டிக்கில் புள்ளியோ கோடோ போட இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. படிப்பகத்தின் பத்து செஸ் பெட்டிக்கும் இதுவே போதும்: ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு நிறம், காயின் அடிவட்டத்தில் கோடு. அடியில் ஒட்டிய துணியில் புள்ளி வைக்காதீர்கள். துணி மையை இழுத்துக்கொள்ளும், பிறகு துணியே உரிந்து போகும். 5-க்கு 4.

க்ராஃப்ட் அக்ரிலிக்தான் இந்தக் கடையின் கதாநாயகன். ஃபெவிக்ரில் 15 மில்லி பாட்டில் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும். கேமல் அக்ரிலிக்கும் அப்படித்தான். 16 லூடோ காய்க்கு ஒரு பாட்டிலில் பாதிகூட ஆகாது. நிறமி கொஞ்சம் குறைவாக, பசை கொஞ்சம் அதிகமாக இருப்பது இந்த வகைக்கே உள்ள குணம். அதனால் ஒரே கோட்டில் (ஒரே பூச்சில்) மூட ஆசைப்பட்டால் தடித்துப்போய் பிரஷ் தடம் தெரியும். மூன்று மெல்லிய கோட் என்று மனதைத் தயார் செய்துகொண்டு வாங்குங்கள். இன்னொரு குணம், வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டால் இளகி, பெட்டிக்குள் காயோடு காய் ஒட்டிக்கொள்ளும். வார்னிஷ் கட்டாயம் என்பது இதனால்தான்.

அதே கம்பெனி வரிசையில் 3டி அவுட்லைனர் என்று கூம்பு மூக்கு வைத்த டியூப் வரும். துணிக்கும் கார்டுக்கும் என்று விற்பது. ஒரு புள்ளி வைத்தால் மேடாகக் காயும். பச்சைக் காயின் தலையில் ஒரு மேடு, சிவப்பில் இரண்டு என்று வைத்தால் நிறக் குறைபாடு உள்ளவர் மட்டுமல்ல, கண் தெரியாதவரும் விரலால் தடவியே ஆடலாம். கரண்ட் போனாலும் ஆட்டம் நிற்காது. பிரைமர் மேல்தான் நிற்கும், வெறும் பிளாஸ்டிக்கில் பொட்டு மாதிரிக் கழன்று விழும்.

ஆன்லைனில் வரும் மினியேச்சர் பெயிண்ட்

மினியேச்சர் என்றால் குட்டி பொம்மை உருவம். வயெஹோ (Vallejo) மாடல் கலர் போன்ற சொட்டு மூக்குப் பாட்டில்கள் அதைத் தீட்டுவதற்கென்றே செய்தவை. நிறமி அடர்த்தி அதிகம், இரண்டு கோட்டில் மூடும், முகம், பொத்தான் வரைக்கும் தீட்டலாம். ஒரு பாட்டில் விலையில் பல க்ராஃப்ட் பாட்டில் வந்துவிடும். ‘மினியேச்சர் பெயிண்ட் என்றால் பிரைமர் வேண்டாம்’ என்ற நினைப்பு மட்டும் தவறு. மிதக்கும் காயில் இதுவும் க்ராஃப்ட் அக்ரிலிக் போலவே உரியும். நிறம் பிரித்துக் காட்ட மட்டும் என்றால் இந்தச் செலவு வீண். மஞ்சளும் வெள்ளையும் மட்டும் இந்த வகையில் வாங்கலாம், ஏனென்றால் மலிவு மஞ்சளைப் போல மூட மறுக்கும் நிறம் வேறில்லை.

பெயிண்ட் கடை, கார் பெயிண்ட் கடை

வீட்டுப் பெயிண்ட் கடையில் எனாமல் சின்ன டின்னில் கிடைக்கும். மூழ்கும் காயில் நன்றாகப் பிடிக்கும், பளபளப்பு உண்டு, அடி தாங்கும். குறை மூன்று. காய ஒரு ராத்திரி ஆகும், நன்றாக இறுக ஒரு வாரம். தின்னரைக் கலந்து நீர்க்க அடித்தால் பாலிஸ்டைரீனைக் கடிக்கும். கலக்கத்தான் வேண்டும் என்றால் டர்பன்டைன் சில சொட்டு, என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் கூடாது. மூன்றாவது, வெள்ளை எனாமல் இருட்டில் கிடந்தால் மஞ்சளாகும். விளையாட்டுப் பெட்டி அலமாரியிலேயே கிடப்பதால் செஸ்ஸின் வெள்ளைக் காய்க்கு இது ஆகாது.

பம்பர் பிரைமர் வாங்க வேண்டியது கார் பெயிண்ட் கடையில். டப்பாவில் ‘பிளாஸ்டிக் பிரைமர்’ அல்லது ‘அட்ஹீஷன் புரொமோட்டர்’ என்று இருக்கும். கார் பம்பர் பாலிபுரோப்பிலீன்; அதில் பெயிண்ட் நிற்க வைக்கும் மருந்து லூடோ காயிலும் நிற்க வைக்கும், அவ்வளவுதான் சூத்திரம். கடையில் சாம்பல் நிற ‘சர்ஃபேசர்’ எடுத்துக் கொடுத்தால் அது தகரத்துக்கு உள்ளது, வேண்டாம் என்று திருப்பிக் கொடுங்கள். சரியானது பெரும்பாலும் நிறமில்லாமல் தண்ணீர் போல இருக்கும். மிக மெல்லியதாக ஒரு கோட், லேபிளில் சொன்ன நேரத்துக்குள் அடுத்த பெயிண்ட். நேரம் தாண்டினால் பிடிமானம் போய்விடும், மறுபடி ஒரு கோட் அடிக்க வேண்டும். மிதக்கும் காய்க்கு 5-க்கு 5. மூழ்கும் காய்க்கு இது தேவையில்லை. சாதாரண அக்ரிலிக் ஸ்ப்ரே பிரைமரே போதும், அதுவும் தூரத்தில் இருந்து மெல்லிசாக.

ஸ்ப்ரேயும் நம் ஊர்ச் சாரலும்

ஸ்ப்ரே டப்பாவில் எழுதியிருக்கும் காயும் நேரம் குற்றாலச் சீசனுக்குப் பொருந்தாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்றில் எப்போதும் ஈரம். ஸ்ப்ரேயின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது காயின் மேற்பரப்பு குளிரும். அந்தக் குளிரில் காற்றின் ஈரம் படிந்து பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்ளும். விளைவு, கறுப்புக் காயில் சாம்பல் பூத்த மாதிரி வெள்ளைப் படலம். சாரல் விழும் நாளில் டப்பாவைக் கையில் எடுக்காதீர்கள். வெயில் ஏறிய முற்பகல் பத்து மணிக்கு மேல் சரியான நேரம்.

இன்னொரு எதிரி ஆரியங்காவுக் கணவாய்க் காற்று. அது மொட்டை மாடியில் அடிக்கும்போது ஸ்ப்ரேத் துளி காயைத் தொடும் முன்னே காய்ந்து தூளாகப் போய் உட்காரும். மேற்பரப்பு உப்புத்தாள் போல் சொரசொரக்கும். பெரிய அட்டைப் பெட்டியைப் பக்கவாட்டில் படுக்க வைத்து அதற்குள் அடியுங்கள். 20 முதல் 30 செ.மீ. தூரம், காய்க்கு வெளியே தொடங்கி வெளியே முடியும் சின்ன வீச்சு, ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது.

காயைப் பிடித்துக்கொள்ள எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சி நல்லது. லூடோ காயின் அடிக்குழியில் கொஞ்சம் டபுள் டேப் சுற்றிய குச்சியைச் செருகலாம். குச்சியை நட்டுவைக்கத் தெர்மாகோல் எடுக்காதீர்கள். தெர்மாகோலும் பாலிஸ்டைரீன்தான், ஸ்ப்ரே பட்டால் குழி குழியாக உருகி, குச்சிகள் ஒவ்வொன்றாகச் சாயும், ஈரப் பெயிண்டோடு காய்கள் ஒன்றின் மேல் ஒன்று விழும். ஒரு முழ வாழைத்தண்டு மட்டை போதும், நம் பக்கம் காசு கொடுத்து வாங்க வேண்டியதும் இல்லை.

வேலை முறை

முதலில் கழுவுதல். அச்சிலிருந்து காய் எளிதாகக் கழல ஃபேக்டரியில் தடவும் எண்ணெய்ப் பசை காயில் தங்கியிருக்கும். பழைய காயில் அதோடு கை அழுக்கும் முறுக்கு எண்ணெயும். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திர லிக்விட், பழைய டூத் பிரஷ். கொதிநீர் வேண்டாம், காய் கோணும். துடைக்காமல் உலர விடுங்கள். துண்டின் நூல் ஒட்டும். அதன் பிறகு பெயிண்ட் படும் இடத்தை வெறும் விரலால் தொடாதீர்கள்.

அடுத்து 600 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து லேசான தேய்ப்பு. பளபளப்பு போனால் போதும், பள்ளம் விழக் கூடாது. மறுபடி கழுவி உலர்த்திப் பிரைமர்.

க்ராஃப்ட் அக்ரிலிக்கை இரண்டு சொட்டுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்த்துப் பால் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். தண்ணீர் சரிபாதிக்கு மேல் போனால் பசை பிரிந்து, காய்ந்தபின் தூளாக உதிரும். 0 அல்லது 2 நம்பர் ரவுண்ட் சிந்தெடிக் பிரஷ். முடியின் மூன்றில் ஒரு பங்கு மட்டும் பெயிண்டில். தகரக் கழுத்துக்குள் பெயிண்ட் ஏறினால் முடி விரிந்து பிரஷ் போச்சு. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே அரை மணி, சீசனில் இரண்டு மணி. பாதி காய்ந்த இடத்தில் திரும்பத் தொட்டால் கீழ்க் கோட் சுருண்டு வந்துவிடும். ‘இங்கே கொஞ்சம் விட்டுப்போச்சு’ என்று கை பரபரக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புக்கு அடியில் வெள்ளை அவசியம். கறுப்புக் காயின் மேல் நேராக மஞ்சள் அடித்தால் ஐந்தாறு கோட் போனபிறகும் பாசி நிறம்தான் தெரியும்.

காய் முழுவதையும் தீட்டாதீர்கள். லூடோ காயின் கொண்டையைத்தான் விரல் பிடிக்கிறது, அடிவிளிம்பு பலகையில் உரசுகிறது; முதலில் தேய்வது இந்த இரண்டும்தான். கழுத்துப் பள்ளத்தில் 3 மி.மீ. அகலத்தில் ஒரு வளையம் போட்டால் யார் கையும் படாது, தூரத்தில் இருந்தும் தெரியும். ரயில் பெட்டித் துண்டில் கூரை விளிம்பை விட்டுப் பக்கச் சுவரில் பட்டை. காட்டான் ரோட்டில் மேல் தளத்தில் மட்டும், விளிம்பு வரை போகாமல். நிறத் தேர்விலும் சாயலை விட வெளுப்பு கறுப்பு வித்தியாசம் முக்கியம்: வெள்ளை, மஞ்சள், நடு நீலம், கறுப்பு நாலும் மங்கல் வெளிச்சத்திலும் பிரியும். சந்தேகமாக இருந்தால் காய்களை வரிசையாக வைத்துப் போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். படத்தில் ஒரே மாதிரித் தெரியும் இரண்டில் ஒன்றை மாற்றுங்கள்.

செட் முழுவதற்கும் அடிக்கும் முன் ஒரு காயில் சோதனை. ஒரு நாள் காய்ந்த பிறகு பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கட்டம் கீறி, செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்பில் கட்டங்கள் ஒட்டி வந்தால் பிரைமர் பிடிக்கவில்லை; கழுவியது போதவில்லை, அல்லது மிதக்கும் பிளாஸ்டிக்குக்கு சாதா பிரைமர் அடித்திருக்கிறீர்கள்.

வார்னிஷ் 24 மணி நேரம் கழித்து, மெல்லிசாக இரண்டு கோட். மேட் வார்னிஷில் பளபளப்பைக் குறைக்கும் பொடி அடியில் தங்கும். நன்றாகக் குலுக்காமல் அடித்தால் ஒரு காய் மினுக்கும், இன்னொன்று வெள்ளை பூக்கும். மேட் கை பட்டுப் பட்டு ஆங்காங்கே மினுமினுப்பதும் உண்டு. அதனால்தான் சாட்டின். மூன்று நாளாவது திறந்த தட்டில் கிடந்த பிறகே பெட்டிக்குள் போகட்டும்.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு

வாயில் வைக்கும் வயதுப் பிள்ளை இருந்தால் கார் பெயிண்ட், எனாமல் எதுவும் வேண்டாம், ரப்பர் வளையமும் வேண்டாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்று 2016-இல் போட்ட விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது வீட்டு, அலங்காரப் பெயிண்டுக்கான விதி. கார், தொழிற்சாலைப் பெயிண்ட் அதில் அடங்காது. பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை 2021 ஜனவரி முதல் கட்டாயம். நீங்கள் மேலே அடிக்கும் பெயிண்டுக்கு அந்த முத்திரை பேசாது என்பதை மறக்க வேண்டாம்.

தப்பாகப் போனால்

அக்ரிலிக்கை மூழ்கும் காயிலிருந்து எடுக்க மருந்துக் கடை டெட்டால் போதும். தண்ணீர் கலக்காமல், மூடியுள்ள கண்ணாடி பாட்டிலில் ஒரு ராத்திரி ஊற வைத்து, கையுறை போட்டுக்கொண்டு டூத் பிரஷால் தேயுங்கள். தேய்க்கும்போதும் பிரஷை டெட்டாலில்தான் நனைக்க வேண்டும். இடையில் தண்ணீர் பட்டால் இளகிய பெயிண்ட் பசையாகி காயின் இடுக்கெல்லாம் அப்பிக்கொள்ளும். முழுக்க வந்த பிறகுதான் சோப்பும் தண்ணீரும். எனாமலுக்கு இந்த வைத்தியம் அவ்வளவாகப் பலிக்காது, பிளாஸ்டிக்கைக் கடிக்காமல் எனாமலை மட்டும் எடுக்கும் சரக்கும் இந்தக் கடைகளில் இல்லை. அதன் மேலேயே தேய்த்துப் புது கோட் அடிப்பதே வழி.